பாதிச் சொல்

வண்டி மில்லர்புரத்தை விட்டுப் பாளையங்கோட்டை ரோட்டில் ஏறியபோது மணி ஒன்பது ஐம்பது. பதினோரு மணிக்குத்தான் கிளாரன்ஸை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோவார்கள். ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிஷம். நேரம் கிடக்கிறது, நிறையக் கிடக்கிறது என்று ஜெசிந்தா தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஓட்டுகிறவர் இல்லாத வண்டி. ஸ்டியரிங் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னத் திரை. அதில் அவள் பெயர், போகிற இடம், சேருகிற நேரம், கீழே ஓரமாக ஒரு சிவப்பு இதயம், அதன் பக்கத்தில் ஓர் எண். நூற்றுப் பதினாறு. அந்த எண் அவள் இடது மணிக்கட்டில் இருக்கிற வளையிலிருந்து வருகிறது. ஊரில் எல்லோரும் அதை வளை என்றுதான் சொல்கிறார்கள். கதவு திறக்க, வண்டி கூப்பிட, கையெழுத்துப் போட, காய்ச்சல் பார்க்க, எல்லாவற்றுக்கும் அதுதான். ஒரு தடவை மாட்டினால் மாட்டினதுதான். கழற்றினால் சொந்த வீட்டுக் கதவே நீ யாரென்று கேட்கும். முப்பது வருஷம் பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தவள் அவள். ஓடி முடித்து இடுப்பில் கையூன்றி நிற்கிற பிள்ளைகளிடம், கழுத்தில் இரண்டு விரலை வையுங்க, எண்ணுங்க என்பாள். நூற்றுப் பதினாறு என்றால் மைதானத்தை மெதுவாக ஒரு சுற்று ஓடின மாதிரி. சரி, உட்கார்ந்த இடத்திலேயே ஒரு சுற்று ஓடிக்கொண்டிருக்கிறேன், வேறொன்றும் இல்லை என்று நினைத்தாள். ஜன்னலுக்கு வெளியே இதே மாதிரி வெள்ளை வண்டிகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஒரே இடைவெளியில் போய்க்கொண்டிருந்தன. ஒரு ஹாரன் சத்தம் கிடையாது. ரோடு முழுக்க யாரோ தூங்குகிறார்கள், எழுப்பிவிடக் கூடாது என்கிற மாதிரி ஓர் அமைதி.

நேற்றுச் சாயங்காலம் அவர் என்ன சொன்னார்? வேணா. அவ்வளவுதான் சொன்னார். இரண்டு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்ததிலிருந்து கிளாரன்ஸிடம் மிச்சமிருப்பது பாதிச் சொற்கள்தான். தண்ணிக்குத் 'தண்'. அவளுக்கு 'ஜெ'. மகன் ஜோவனுக்கு 'ஜோ'. அது மட்டும் எப்படியோ முழுசாக வந்த மாதிரி இருக்கும். மற்றதையெல்லாம் அவள் கண்ணைப் பார்த்து, கையைப் பார்த்து, நெற்றிச் சுருக்கத்தைப் பார்த்து நிரப்பிக்கொள்வாள். போன வாரம் எடுத்த ஸ்கேனில் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் திராட்சை மாதிரி உப்பியிருப்பது தெரிந்தது. திறந்து அடைத்துவிடலாம், ஆனால் இருக்கிற பேச்சும் போகலாம் என்றார் டாக்டர். விட்டுவிட்டால்? நாளைக்கே வெடிக்கலாம், பத்து வருஷம் அப்படியே கிடக்கவும் கிடக்கலாம். ஹாம்பர்க்கிலிருந்து ஜோவன், செஞ்சிருவோம்மா, யோசிக்க என்ன இருக்கு என்றான். நேற்று மத்தியானம் அவள் வளையைத் திரையில் காட்டி ஒப்புதல் கொடுத்துவிட்டாள். சாயங்காலம் பார்வை நேரம் முடியப் போகையில் கட்டிலோரம் குனிந்து, நாளைக்கு ஆபரேஷன், பயப்படாதீங்க, நான் இருப்பேன் என்று சொன்னபோதுதான் அவர் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். கிரேன் ஓட்டின கை. அறுபத்தாறு வயசிலும் அந்தப் பிடி பிடிதான். பிடித்துக்கொண்டு, வேணா என்றார். வேணாம் என்கிறார். அவளுக்குச் சந்தேகமே இல்லை. அதற்குள் பார்வை நேரம் முடிந்துவிட்டதாகக் குரல் வந்தது, விளக்கு மங்கியது, கதவு திறந்து அவள் வெளியே போவதற்காகக் காத்துக்கொண்டு நின்றது. காலையில் டாக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டில்தான் நோயாளி பேசுகிற எல்லாவற்றையும் கேட்டு எழுதி வைக்கிறதே, இதையும் எழுதியிருக்கும், அவர்களே வந்து கேட்பார்கள் என்றும் ஒரு நினைப்பு. இன்றைக்குக் காலை ஒன்பதரை மணிக்கு இட்லியைப் பிட்டுக்கொண்டே போனில் கட்டில் பதிவைத் திறந்து பார்த்தாள். எழுதித்தான் இருந்தது. நோயாளி வாய்மொழி விருப்பம்: வேணும். சிகிச்சைக்குச் சம்மதம் என எடுத்துக்கொள்ளப்பட்டது.

இட்லியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தவள். கை கழுவினேனா? கழுவினேன். விரலை மோந்து பார்த்தாள், சோப்பு வாசனை இருந்தது. வேணுமாம். ணா எப்படி ணுவாகும்? வேணும் என்றாலும் தொடக்கம் வே, வேணாம் என்றாலும் வே. நடுவில் ஓர் எழுத்துத்தான். உதடு குவிந்தால் வேணும், வாய் திறந்தால் வேணாம். வாய் திறந்தது, அவள் பார்த்தாள், கடைவாயில் எச்சில் வழிந்தது, தன் கையால்தான் துடைத்துவிட்டாள். கட்டிலுக்குக் கண் உண்டா என்ன? இருக்கும். எல்லாவற்றுக்கும் இருக்கிறது. கண் இருந்தும் ணு என்று எழுதியிருக்கிறது. இப்போது போய் டாக்டர் முன்னால் நின்று, என் வீட்டுக்காரர் வேணாம்னுதான் சொன்னாங்க, எனக்குத் தெரியும் என்று சொல்ல வேண்டும். எப்படித் தெரியும் என்று கேட்டால்? முப்பத்துநாலு வருஷமாகத் தெரியும். அவர் நல்லா இருந்த காலத்திலேயே பாதிச் சொல்தான் பேசுவார். துறைமுகத்தில் கிரேனுக்கு மேலே தனியாக உட்கார்ந்து உட்கார்ந்து அப்படி ஆகிவிட்டார் என்று அவருடைய அம்மா சொல்வதுண்டு. பிற்பாடு கிரேன்களெல்லாம் தானாக ஓடத் தொடங்கி, இவரை ஒரு அறையில் பன்னிரண்டு திரைகளுக்கு முன்னால் சும்மா பார்த்துக்கொண்டு இருக்க வைத்தபோது இன்னும் குறைந்துபோனது. கல்யாணம் பேசி முடித்த அன்றைக்கு, பொண்ணு புடிச்சிருக்கா என்று அவருடைய சித்தப்பா கேட்டதற்கு ம் என்றார். அந்த ம்-மை இவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். ஆமாம் என்ற ம்-மா, பார்க்கலாம் என்ற ம்-மா? அன்றைக்கும் அவளுக்குத் தெரிந்தது. அல்லது தெரிந்த மாதிரி எடுத்துக்கொண்டாள்.

"ஜெசிந்தா அம்மா," என்றது வண்டி. அதற்கு ஒரு பெண்குரல், நல்ல பிள்ளை மாதிரி. "கடந்த பத்து நிமிடங்களாக உங்கள் இதயத்துடிப்பு நூற்றுப் பத்துக்கு மேல் உள்ளது. இப்போது நூற்று இருபத்தெட்டு. உங்கள் பாதுகாப்புக்காக அருகிலுள்ள அவசர சிகிச்சை நிலையத்துக்குச் செல்கிறோம். பயப்பட வேண்டாம்."

"எதுக்கு? எனக்கு ஒண்ணும் இல்ல. நான் ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன்."

"நீங்கள் குறிப்பிட்ட மருத்துவமனை பதினாறு நிமிடத் தொலைவில் உள்ளது. நான்காம் கேட் அவசர நிலையம் ஒன்பது நிமிடத் தொலைவில் உள்ளது. அறுபது வயது கடந்தவர்களுக்கு இது கட்டாய விதி."

"அங்க என் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன். நான் போயே ஆகணும். என்னை இங்கயே எறக்கி விடு."

"அவசர நிலையில் வழியில் இறக்கிவிட இயலாது. ஐந்து நிமிடம் தொடர்ந்து துடிப்பு நூற்றுக்குக் கீழே இருந்தால் பழைய வழிக்குத் திரும்புவோம். அமைதியாக இருங்கள்."

மடத்தூர் விலக்கில் வண்டி அழகாக வளைந்து திரும்பியது. முன்னால் போன வண்டிகள் வழிவிட்டு ஒதுங்கின. அவளுக்கு உடம்பு சரியில்லை என்பது அந்த வண்டிகளுக்கெல்லாம் அதற்குள் தெரிந்துவிட்டது. உள்ளே உட்கார்ந்திருக்கிற யாரோ சிலர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்கள். ஒரு அம்மா கையெடுத்துக்கூடக் கும்பிட்டாள். ஜெசிந்தா கதவைத் தள்ளிப் பார்த்தாள். கதவில் பிடியே இல்லை, வழவழவென்று இருந்தது. வெளியே இப்போது மரங்கள் எதிர்ப்பக்கமாக ஓடின. வந்த வழியே திரும்பிப் போகிறேன். இவ்வளவு நேரம் போனதெல்லாம் போகாத மாதிரி. பயப்பட வேண்டாமாம். எவ்வளவு தெளிவாகச் சொல்கிறது பார், வேண்டாம் என்று, ஓர் எழுத்துக்கூட விழாமல். அந்த வாய் அவருக்கு ஒரே ஒரு நிமிஷம் இருந்திருந்தால். நூற்று முப்பத்தொன்று. எண்ணைப் பார்க்காதே. பார்த்தால் ஏறும். ஏறினால் பார்க்கத் தோன்றும். அடங்க வேண்டும், அவ்வளவுதானே, இது என் தொழில், எத்தனை பிள்ளைகளை அடக்கியிருக்கிறேன். மூக்கால் இழு, நாலு வரை எண்ணு, நிறுத்து, வாயால் விடு, ஆறு வரை எண்ணு. மாவட்டப் போட்டியில் எண்ணூறு மீட்டர் ஓடுவதற்கு முன்னால் வாந்தி எடுத்த சகாயராணியை மரத்தடியில் உட்கார்த்தி இப்படித்தான் மூச்சு விடச் சொன்னாள். ஓடி முடித்து அவள் மூன்றாவதாக வந்தாள். டீச்சர், கோட்டைத் தொட்டதே தெரியல டீச்சர் என்று அழுதாள். நாலு. நிறுத்து. ஆறு. கோட்டைத் தொட்டதே தெரியாமல் ஓடுகிறதுதான் நல்ல ஓட்டம் என்று எதையோ சொல்லி வைத்தாள். நூற்றுப் பதினெட்டு. இறங்குகிறது. இறங்குகிறது என்று நினைத்த மாத்திரத்தில் சந்தோஷம் வந்து நெஞ்சில் முட்ட, நூற்று இருபத்துநாலு. சந்தோஷமும் கூடாது. எதுவும் கூடாது. எதையும் நினைக்காமல் ஒரு மனுஷி எப்படி இருப்பது? கல் மாதிரி இருந்தால் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். கல்லுக்கு அங்கே என்ன வேலை?

செபம் சொல்லலாம். ஏன் இது முதலிலேயே தோன்றவில்லை? சின்ன வயசிலிருந்து சொல்லிச் சொல்லி அது நினைப்பில்லாமலே வரும், உதடு தன்பாட்டுக்குச் சொல்லும், மனசு சும்மா இருக்கும். மாதாவை அழைத்துத் தொடங்கினாள். தாளம் வந்தது. முதல் தடவை சொல்லி முடித்தபோது நூற்றுப் பதினொன்று. மூன்றாவது தடவை நூற்று ஆறு. வெளியே பழைய பஸ் டிப்போ சுவர் ஓடியது, அதில் யாரோ நட்டுவைத்த செடிகள் செங்குத்தாக வளர்ந்திருந்தன. நூற்று மூன்று. நாலாவது தடவை செபத்தின் கடைசி வரிக்கு வந்தபோது, அங்கே மரண வேளை என்று ஒரு சொல் இருப்பதை அறுபது வருஷத்தில் முதல்முறையாக அவள் கேட்டாள். உதடு நின்றது. அந்தச் சொல்லைச் சொல்லாமல் செபம் முடியாது. சொன்னால் கிளாரன்ஸ் பச்சைத் துணிக்கு அடியில் மழித்த தலையோடு கிடக்கிறார். நூற்று இருபத்தேழு. மாதாவே என்றாள், செபமாக இல்லாமல் வெறுமனே கூப்பிட்டாள்.

போன் இருக்கிறதே. ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டாள். அங்கேயும் ஒரு குரல், இது ஆண்குரல். கிளாரன்ஸ் பர்னாந்து, அறை நானூற்றுப் பன்னிரண்டு, மனைவி பேசுகிறேன், கொடுத்த ஒப்புதலை வாபஸ் வாங்குகிறேன் என்று ஒவ்வொரு சொல்லாக, டிக்டேஷன் போடுகிற மாதிரிச் சொன்னாள். "உங்கள் விருப்பம் பதிவாகிவிட்டது, ஜெசிந்தா அம்மா," என்றது. அப்பாடா என்று கண்ணை மூடினாள். "தற்சமயம் நீங்கள் அவசர உடல்நிலையில் இருப்பதாக உங்கள் வளை தெரிவிக்கிறது. பதற்ற நிலையில் எடுக்கும் முடிவுகளிலிருந்து உங்களைப் பாதுகாப்பதற்காக, உடல்நிலை சீரானதும் இந்த மாற்றம் செல்லுபடியாகும். அதுவரை நேற்று நீங்கள் அமைதியான நிலையில் அளித்த ஒப்புதல் தொடரும்." நேற்று அமைதியாக இருந்தேனா? வளை சொல்கிறது, இருந்தேன் என்று. நேற்று மத்தியானம் அவள் உள்ளுக்குள் என்ன பாடு பட்டாள் என்பது அந்த வளைக்குத் தெரியவில்லை, அல்லது அது எண்ணில் வரவில்லை. டாக்டர் யாரிடமாவது கொடுங்க என்றாள். டாக்டர்கள் அறுவை அரங்கில் இருக்கிறார்கள், செய்தி சேர்க்கப்படும். ஒரு ஆளாவது இருப்பாங்கள்லா, நர்ஸ், தூக்குறவங்க, யாராவது? செய்தி சேர்க்கப்படும். இப்படிச் சேர்க்கப்பட்ட செய்திகளெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்திருக்கும்? உப்பளத்தில் குவித்து வைக்கிற மாதிரி எங்கேயோ வெள்ளையாகக் குவிந்து கிடக்கும். அது எதற்கு இப்போது ஞாபகம் வருகிறது? உப்புக் குவியல். கல்யாணமான புதிதில் கிளாரன்ஸ் அவளை ஸ்கூட்டரில் வைத்து முத்தையாபுரம் பக்கம் கூட்டிப்போனார். வெயிலில் உப்பைப் பார்க்க முடியவில்லை, கண் கூசியது. இவள் முந்தானையைக் கண்ணுக்கு மேலே பிடித்தாள். அவர் திரும்பிப் பார்த்து, போதுமா என்றார். போதும் என்றாள். திரும்பி வந்துவிட்டார்கள். போதுமா என்றால் இன்னும் கொஞ்ச நேரம் இருப்போமா என்று அர்த்தமோ என்று ரொம்ப நாள் கழித்து ஒரு தடவை தோன்றியது. அப்போதே தப்பாகத்தான் கேட்டிருக்கிறேனா?

போன் அதிர்ந்தது. ஜோவன். அவன் இருக்கிற ஊரில் இப்போதுதான் விடிந்திருக்கும். அவள் நெஞ்சு அடித்ததை வளை அவனிடம் சொல்லி எழுப்பியிருக்கிறது.

"அம்மா, என்னம்மா செய்யுது? நெஞ்சு வலிக்கா?"

"எனக்கு ஒண்ணுமில்லடா. நீ மொதல்ல ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அப்பா ஆபரேஷனை நிப்பாட்டு. அப்பா வேணாம்னு சொன்னாங்க. கட்டில் தப்பா எழுதியிருக்கு."

"அம்மா, நான் அந்த ரெக்கார்டைக் கேட்டேன். வேணும்னுதான் சொல்லுதாங்க."

"நான் பக்கத்துல இருந்தேன் ஜோவன். கையப் பிடிச்சிச் சொன்னாங்க."

"சரிம்மா, அதத்தான் சொல்றேன். நீங்க ரொம்ப அலண்டு போயிருக்கீங்க. நூத்தி முப்பது காட்டுது. இந்த நேரத்துல முடிவு எடுக்கக் கூடாதும்மா. நான் அனுப்புதேன், நீங்களே கேட்டுப் பாருங்க."

"கேக்கேன். கேட்டுட்டுச் சொன்னா நிப்பாட்டுவியா?"

"மொதல்ல நீங்க உங்கள பாத்துக்கோங்கம்மா. ரெண்டு பேரையும் என்னால ஒரே நேரத்துல..." அழுகிறான். முப்பது வயசைத் தாண்டினவன், அங்கே பல் தேய்க்காமல் கட்டிலில் உட்கார்ந்து அழுகிறான். அவனிடம் எதைக் கேட்பது?

அனுப்பினான். அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டாள். இரைச்சலெல்லாம் எடுத்துத் துடைத்துவிட்டிருந்தார்கள். கட்டில் ஓசை, மின்விசிறி, வராந்தாவில் போன வண்டியின் உருளைச் சத்தம், எதுவும் இல்லை. அவளுடைய குரல், நான் இருப்பேன் என்று. பிறகு அவர் குரல், தண்ணிக்குள்ளிருந்து எழும்புகிற மாதிரி. வேணு. மறுபடி போட்டாள். வேணு. மூன்றாவது தடவை வேணா மாதிரியும் இருந்தது. நாலாவது தடவை இரண்டும் இல்லை, ஒரு முனகல், அவ்வளவே. இரைச்சலைத் துடைத்தவர்கள் அதோடு சேர்த்து ஆ-வையும் துடைத்துவிட்டார்களா? அல்லது, அல்லது என்று மனசு ஒரு இடத்தில் போய் மாட்டிக்கொண்டது. வலது பக்கம் இழுத்துக்கொண்ட வாய். குவியவே குவியாத உதடு. அந்த வாயால் ஒரு மனுஷன் வேணும் என்று சொன்னாலும் அது வேணா என்றுதானே வரும்? அப்படியானால் வேணும் என்று சொன்னவரைத் தடுக்கவா நான் ஓடிக்கொண்டிருக்கிறேன்? கையைப் பிடித்தாரே. போகாதே என்று பிடித்தாரா, செய் என்று பிடித்தாரா? தலையை ஆட்டினார். ஆட்டினாரா, தலையணை சரிந்ததா? வேணாம் என்று கேட்டது அவர் வாயிலிருந்தா, என் வயிற்றிலிருந்தா? அந்த மிச்சமிருக்கிற தண்ணும் ஜெயும் போய்விட்டால் வீட்டில் எந்தச் சத்தமும் இருக்காது என்று பயந்தது நான்தான். இல்லை, அதற்குக் கீழே இன்னொன்று இருக்கிறது, அதைத் தொடாதே. தொட்டாள். இரண்டு மாதமாகத் தூக்கி, புரட்டி, துடைத்து, ஊட்டி. பத்து வருஷம் அப்படியே கிடக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது அவள் மனசுக்குள் ஏதோ ஒன்று உட்கார்ந்துவிட்டது. அதனால்தான் சரி என்று வளையைக் காட்டினேனா? வாழட்டும் என்று கொடுத்த ஒப்புதலா அது, முடியட்டும் என்று கொடுத்ததா? நூற்று நாற்பத்திரண்டு. வண்டி ஏதோ ஆறுதல் சொன்னது. மெல்லிய வீணை இசை வரத் தொடங்கியது. நிப்பாட்டு என்று கத்தினாள். இசை நின்றது, நின்ற இடத்தில் அவள் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது, நாய் இரைக்கிற மாதிரி.

நான்காம் கேட் அவசர நிலையத்தில் வண்டி நின்று கதவு திறந்தபோது சக்கர நாற்காலியோடு ஒரு நர்ஸ் வந்தாள். பொன்செல்வி என்று சட்டையில் எழுதியிருந்தது. முப்பது வயசுக்குள் இருக்கும், காதில் சின்னதாக நீலக் கல் தோடு. மனுஷ முகத்தைப் பார்த்ததும் ஜெசிந்தாவுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பொன்செல்வி அவளைப் படுக்க வைத்து, துடிப்பைத் திரையில் கோடாகக் காட்டுகிற ஒட்டுப் பட்டைகளை அவள் நெஞ்சில் ஒட்டிக்கொண்டே முழுசாகக் கேட்டாள். பிறகு, "இருபது நிமிஷம் இந்தக் கோடு ஒழுங்கா வரணும்மா, அதுவரைக்கும் இந்தக் கதவு எனக்கே தொறக்காது," என்றாள். "அங்க எனக்குத் தெரிஞ்ச பிள்ள ஒருத்தி வேலை பாக்கா. அவளுக்குப் போன் அடிச்சுப் பாக்கேன்." அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். ஜெசிந்தா படுத்தவாக்கில் அவளுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏட்டி, நான்தான். நானூத்திப் பன்னெண்டு, பர்னாந்துன்னு ஒரு பெரியவர். ஆமா. ஆமா." அதன் பிறகு பொன்செல்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். போனை மெதுவாகக் கீழே வைத்தாள். "முன்னாடி இருந்தவங்களுக்குச் சீக்கிரம் முடிஞ்சிட்டாம். அதனால இவங்கள பத்து மணிக்கே உள்ள எடுத்துட்டாங்களாம்மா."

பத்து மணிக்கு அவள் எங்கே இருந்தாள்? மரண வேளை என்ற சொல்லில் நின்றுகொண்டு இருந்திருப்பாள். அல்லது அந்த ஒலித்துண்டை மூன்றாவது தடவை போட்டுக் கேட்டுக்கொண்டு. சுவர்க் கடிகாரத்தில் பத்து முப்பத்தைந்து. இனி ஓட வேண்டியதில்லை என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. அவள் ஒன்றும் செய்யவில்லை, மூச்சை எண்ணவில்லை, செபம் சொல்லவில்லை. தலைக்கு மேலிருந்த திரையில் எண் தானாக இறங்கியது. நூற்றுப் பத்து, நூறு, தொண்ணூற்றொன்று. கண்ணிலிருந்து தண்ணி காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, அதை எந்தப் பட்டையும் எண்ணவில்லை. பொன்செல்வி பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவள் புறங்கையைத் தடவிக்கொண்டே இருந்தாள். "எங்க அப்பாவுக்கும் இப்படித்தான்," என்று ஏதோ தொடங்கினாள், அதற்குள் நெஞ்சில் நழுவின பட்டையை அழுத்தி ஒட்டப் போய்விட்டாள். இருபது நிமிஷம் கோடு ஒழுங்காக வந்தது. எண்பத்திரண்டு. கதவு திறந்தது. கூடவே போனில் ஒரு செய்தி. உங்கள் உடல்நிலை சீராக உள்ளது. ஒப்புதலைத் திரும்பப் பெறும் உங்கள் கோரிக்கையை இப்போது உறுதி செய்யலாம். ஆம், இல்லை. ஜெசிந்தா அதை ரொம்ப நேரம் பார்த்தாள். வேணும், வேணாம். நேற்று அவருக்கு இப்படி இரண்டு கட்டம் போட்டுக் காட்டியிருந்தால் விரலால் தொட்டிருப்பார். யாரும் காட்டவில்லை, நானும் காட்டவில்லை, எனக்குத் தெரியும் என்று இருந்துவிட்டேன். அவள் ஆம் என்பதைத் தொட்டாள். தொடுவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்துதான் தொட்டாள். சிகிச்சை தொடங்கிவிட்டதால் கோரிக்கையை ஏற்க இயலவில்லை, புரிதலுக்கு நன்றி என்று பதில் வந்தது. வெளியே அதே வண்டியோ, அதே மாதிரி இன்னொன்றோ, கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். திராட்சை போய்விட்டது, இனி வெடிக்காது. மூன்றாம் நாள் காலையில் கிளாரன்ஸை அறைக்குக் கொண்டுவந்தார்கள். தண் இல்லை, ஜெ இல்லை, ஜோவும் இல்லை. வாய் திறந்தால் காற்று மட்டும் வந்தது. ஜோவன் அங்கிருந்தே ஒரு ஏற்பாடு செய்திருந்தான். அப்பாவின் இருபது வருஷத்துப் போன் பேச்சையும் வீட்டு வீடியோக்களையும் கொடுத்து, அவர் குரலையே எடுத்து, கட்டில் தலைமாட்டில் ஒரு சின்னப் பெட்டியில் வைத்திருந்தார்கள். தொண்டையில் ஒட்டின பட்டையும் அவர் கண்ணசைவும் பெட்டிக்குத் தகவல் சொல்லும், என்ன சொல்ல வருகிறார் என்று அது கணித்துச் சொல்லும். ரொம்பச் சரியா இருக்கும் ஆன்ட்டி, போகப் போக இன்னும் சரியாயிரும் என்று மாட்டிவிட்டுப்போன பெண் சொன்னாள். அவள் போன பிறகு ஜெசிந்தா கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டிலோரம் குனிந்தாள். இதைக் கேட்கக் கூடாது என்றுதான் மூன்று நாளாக நினைத்திருந்தாள்.

"அன்னைக்கு என் கையப் பிடிச்சிட்டு என்ன சொன்னீங்க?"

கிளாரன்ஸ் அவளைப் பார்த்தார். உதடு அசையவில்லை. பெட்டியில் சின்னதாக ஒரு பச்சை விளக்கு எரிந்தது. பக்கவாதம் வருவதற்கு முன்னால் இருந்த அதே குரல், கரகரப்புகூட மாறாமல், "நீ எது செஞ்சாலும் சரியாத்தான் இருக்கும் ஜெசி," என்றது.

அவள் அவருடைய கண்ணைப் பார்த்தாள். வலது கண், பிறகு இடது கண். இமை ஒரு தடவை மூடித் திறந்தது. அது ஆமாமா, இல்லையா, வெறும் இமைப்பா?

"நல்லாருக்கேன் ஜெசி," என்றது பெட்டி. "நீ சாப்பிட்டியா?"

முப்பத்துநாலு வருஷத்தில் ஒரு நாள்கூட கிளாரன்ஸ் அவளிடம் அதைக் கேட்டதில்லை. பச்சை விளக்கு அவள் பதிலுக்காக மினுங்கிக்கொண்டிருந்தது. அவர் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணிகூடக் குடித்திருக்கவில்லை.

"சாப்பிட்டேன்," என்றாள்.